தேதி தெரியாத படங்கள்

தொண்ணூற்றொன்பதாம் வருடத்தில் பெரும்பகுதி நான் ஒரே ஒரு வேலையைத்தான் செய்தேன். கம்ப்யூட்டர் திரையில் என்ன தெரிகிறதோ அதை அப்படியே படமாகப் பிடித்து, ஒரு பக்கத்தில் ஒட்டி, கீழே எண் போட்டு வைப்பது. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை அதுதான். இன்றைக்கு யாரிடமாவது சொன்னால், இதற்கெல்லாமா சம்பளம் கொடுத்தார்கள் என்று கேட்பார்கள். கொடுத்தார்கள். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

என் கணவர் பல்லாவரத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டர்னராக இருந்தார். லேத்தில் இரும்பைச் சுற்றவிட்டுக் கடைகிற வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான். ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போனவர், கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீசைப் படித்துவிட்டு, கட்டிக்கொண்டுபோன சாப்பாட்டோடு திரும்பி வந்தார். லாக்-அவுட். ஒரு மாதத்தில் திறந்துவிடுவார்கள் என்றார்கள். அப்புறம் தீபாவளிக்குள் என்றார்கள். அதற்கப்புறம் பொங்கலுக்குள். கொஞ்ச நாள் அவர் தினமும் கேட்டுக்குப் போய் மற்றவர்களோடு உட்கார்ந்துவிட்டு வந்தார். பிறகு வாரத்துக்கு ஒரு நாள் போனார். பிறகு போகவில்லை.

ஊரப்பாக்கத்தில் அப்போதுதான் வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். கட்டினோம் என்று சொல்லலாமே தவிர, வெளிச்சுவர் இன்னும் பூசாமல் செங்கல்லாகத்தான் நின்றது. தெருவுக்கு ரோடு கிடையாது. மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோடுவரை வெறுங்காலோடு நடக்க வேண்டும். மகள் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். நான் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். கல்யாணமான புதிதில் கிண்டியில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன், மகள் பிறந்ததும் விட்டுவிட்டேன். திரும்பப் போகலாம் என்று தேடினால் டைப்பிஸ்ட் என்ற வேலையே எங்கும் இல்லை. எல்லா இடத்திலும் "கம்ப்யூட்டர் தெரியுமா" என்றுதான் கேட்டார்கள்.

தாம்பரத்தில் நான் படித்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் படிக்கட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கம்ப்யூட்டரில் உட்கார ஆள் தேவை, டைப்பிங் தெரிந்தால் போதும், மீதி நாங்களே சொல்லித்தருவோம் என்று. மறுநாளே போனேன்.

குரோம்பேட்டையில், ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், ஒரு வீட்டின் மாடி. கீழே புரோகிராம் எழுதுகிறவர்கள், மேலே நாங்கள். படுக்கையறைகளில் மேஜை போட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். திரையில் வெளிச்சம் விழக்கூடாது என்று ஜன்னல்களுக்குப் போர்வை கட்டியிருந்தார்கள். ஏ.சி. பெரிய மெஷின் இருந்த ஒரு சின்ன அறைக்கு மட்டும். எங்களுக்கு ஃபேன். முதலாளியை எல்லோரும் சார் என்றோம். அமெரிக்காவில் சில வருடம் இருந்துவிட்டு வந்தவர், அங்கே ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பேசி வேலை வாங்கிவந்திருந்தார்.

என்ன வேலை என்று முதல் நாள் அவரே சொன்னார். பழைய புரோகிராம்களில் வருடத்துக்கு இரண்டு இலக்கம்தான் வைத்திருக்கிறார்கள். தொண்ணூற்றொன்பது முடிந்து சைபர் சைபர் வந்தால், அது இரண்டாயிரமா ஆயிரத்துத் தொள்ளாயிரமா என்று மெஷினுக்குத் தெரியாது. கீழே இருக்கிறவர்கள் அதைச் சரிசெய்கிறார்கள். சரிசெய்தது சரியாக இருக்கிறதா என்று மேலே நாங்கள் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரின் தேதியை முன்னால் தள்ளி வைத்துவிட்டு, புரோகிராமில் ஒவ்வொரு திரையாகத் திறந்து, ஓடுகிறது என்பதற்குச் சாட்சியாகப் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

"வாட்ச்மேன் வேலை மாதிரிதான். என்ன நடக்குதோ அதப் பாத்து எழுதி வைக்கணும்" என்றார்.

எங்களுக்கு லீடராக இருந்தவள் இருபத்துமூன்று வயதுப் பெண். எம்.சி.ஏ. முடித்தவள். முதல் நாள் நான் அவளை மேடம் என்று கூப்பிட்டேன். "ஐயோ, அக்கா, அப்படிக் கூப்பிடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவள்தான் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காட்டினாள். கீபோர்டின் மேல்வரிசையில் வலது பக்கம் பிரிண்ட் ஸ்கிரீன் என்று ஒரு சாவி. இடதுகைக் கட்டைவிரலால் ஆல்ட் சாவியை அழுத்திக்கொண்டு, வலதுகையால் அதைத் தட்ட வேண்டும். திரையில் திறந்திருக்கிற புரோகிராமின் ஜன்னல், விண்டோ என்பார்கள், அது மட்டும் படமாகப் பிடிபடும். பிறகு வேர்டுக்குப் போய் கண்ட்ரோலும் வி-யும் அழுத்தினால் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

நான் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு அந்தச் சாவியைத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினேன். திரை அசையவில்லை. டைப்ரைட்டரில் பழகிய கைக்கு, ஒரு சாவியைத் தட்டினால் எங்காவது ஒரு சத்தம் கேட்க வேண்டும், தாளில் ஒரு எழுத்து விழ வேண்டும். இதில் எதுவும் இல்லை. வேகமாக நாலைந்து தடவை தட்டினேன். முதல் நாளே மெஷினைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"அக்கா, அக்கா, போதும். அது எப்பவோ பிடிச்சிடுச்சு."

"ஒண்ணும் ஆகலையேம்மா."

"வெளியில தெரியாதுக்கா. உள்ள வச்சிருக்கும். நீங்க ஒட்டினாத்தான் தெரியும்."

ஒட்டினேன். வந்தது. ஆச்சரியமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் நான் அன்று பஸ் கிடைக்காமல் நின்று, தாம்பரத்தில் இறங்கி ரயில் மாறி, காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்திருந்தேன். வந்தால் சரி என்றுதான் தோன்றியது.

இன்னொரு விஷயத்தையும் அவள் சொல்லிக்கொடுத்தாள். உள்ளே ஒரு படம்தான் நிற்கும். அதை ஒட்டாமல் அடுத்ததை எடுத்துவிட்டால் முந்தையது போய்விடும். அதனால் எடு, ஒட்டு, எண் போடு, சேவ் செய். எடு, ஒட்டு, எண் போடு, சேவ் செய். பாலிசிக்காரரின் பெயர் கேட்கிற திரை, பிறந்த தேதி கேட்கிற திரை, தவணை கட்டுகிற திரை, தவணை தவறியவருக்கு நோட்டீஸ் அனுப்புகிற திரை, செத்துப்போனவரின் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கிற திரை. யாரோ அமெரிக்காக்காரர்களின் சாவும் பிழைப்பும் சாம்பல் நிறக் கட்டங்களில் என் முன்னால் வந்து வந்து போயின. முதல் வாரம் அவற்றைப் படித்தேன். அப்புறம் படிக்கவில்லை.

காலையில் எழுந்து சமைத்து, மகளை அனுப்பி, ஓடி, தொங்கி, ஆபீசுக்குப் போய் உட்காருவதே பெரிய நிம்மதியாக இருந்த நாட்கள் உண்டு. உட்கார்ந்த பிறகு அந்த நிம்மதி கொஞ்ச நேரம்தான். மத்தியானத்துக்கு மேல் வலதுகையின் மணிக்கட்டில் ஒரு வலி ஆரம்பிக்கும். கட்டைவிரலின் அடியிலிருந்து முழங்கைவரை கம்பியை இழுத்துக் கட்டியதுபோல. சாயங்காலம் ரயிலில் மேலே இருக்கிற பிடியைப் பிடிக்க முடியாது, இடதுகையால் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

எங்கள் கம்ப்யூட்டர்களில் எப்போதும் அடுத்த வருடம் நடந்துகொண்டிருந்தது. வெளியே சித்திரை வெயில், உள்ளே இரண்டாயிரம் ஜனவரி. ஒரு தடவை மகளுக்குக் காய்ச்சல் என்று ஸ்கூலுக்கு லீவ் லெட்டர் எழுதிக்கொடுத்தேன். தேதியில் இரண்டாயிரம் என்று போட்டிருந்தேன். டீச்சர் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பியிருந்தார். மகள் அதைக் காட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் கணவரும் சிரித்தார். அந்த வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

வீட்டில் அவர் சமைக்க ஆரம்பித்திருந்தார். யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் சாயங்காலம் வந்து பார்த்தபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உப்பு அதிகம். நான் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தால் மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முன்னறைக்கு வந்து பேப்பரை எடுத்துக்கொள்வார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், வந்ததும் வராததுமாக சார் எங்களை எல்லாம் ஹாலுக்குக் கூப்பிட்டார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது. கையில் அமெரிக்காவிலிருந்து வந்த ஈமெயிலின் பிரிண்ட்.

"எல்லாத்தையும் திரும்ப எடுக்கணும்" என்றார்.

லீடர் பெண்தான் கேட்டாள். "எல்லாத்தையுமா சார்?"

"எல்லாத்தையும். படத்துல தேதி தெரியலையாம். இது ரெண்டாயிரத்துல ஓடினதுன்னு நாங்க எப்படி நம்புறது, சும்மா இன்னிக்குத் தேதியில எடுத்து அனுப்பிட்டீங்களா இல்லையான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்கறான்."

அவன் கேட்டதில் தப்பில்லை. நாங்கள் ஆல்ட்டோடு சேர்த்து எடுத்ததால் புரோகிராமின் ஜன்னல் மட்டும்தான் படத்தில் விழுந்திருந்தது. இனிமேல், கம்ப்யூட்டரில் காலண்டர் காட்டுகிற சின்ன ஜன்னலை ஓரத்தில் திறந்துவைத்துக்கொண்டு, ஆல்ட் இல்லாமல் வெறும் பிரிண்ட் ஸ்கிரீனை மட்டும் அழுத்தி, முழுத்திரையையும் எடுக்க வேண்டும். ஒரு சாவி குறைவு. அவ்வளவுதான் வித்தியாசம். அதற்காக அத்தனை மாத வேலையும் வீண்.

"ஜன்னல் மட்டும் நீட்டா இருக்கட்டும்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றாள் அவள்.

"சொன்னேன்" என்றார். படியிறங்கிக் கீழே போய்விட்டார்.

கோவிலம்பாக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண் எழுந்து, தன் டிபன் பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். டீ குடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தோம். அவள் திரும்பி வரவே இல்லை. நாங்கள் மீதிப் பேர் எங்கள் நாற்காலிகளில் போய் உட்கார்ந்தோம். என் இடதுகைக் கட்டைவிரல் அதுவாகவே ஆல்ட்டுக்குப் போயிற்று. எடுத்துவிட்டேன். மறுபடி போயிற்று. அந்த விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு முதல் திரையிலிருந்து ஆரம்பித்தேன்.

இருக்கிற ஆட்களை வைத்து முடிக்க முடியாது என்று இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. சார் மேலே வந்து, உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், கம்ப்யூட்டர் தெரிய வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் போதும் என்றார்.

அன்று வீட்டுக்கு வந்தபோது என் கணவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்க" என்றேன்.

"இன்னா வேலைக்கு?"

"நான் செய்யற வேலைக்குத்தான்."

அவர் கத்தியை நிறுத்தவில்லை. "அத்த இன்னாத்துக்கு என்னாண்ட சொல்ற?"

"நீங்க வரலாமேன்னு."

"நானா? அந்தப் பொண்ணுங்களுக்கு நடுவுல குந்திகினு பொத்தான் அமுக்கணுமா? போ, போய் மூஞ்சி கழுவு."

மேலே பேசுகிற தெம்பு எனக்கு இல்லை. முகம் கழுவிக்கொண்டு படுத்தேன். மறுநாளும் அந்தப் பேச்சு இல்லை. அதற்கடுத்த நாள் காலையில் நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"அங்க ஷூ போட்டுகினு வரணுமா?"

"செருப்பையே வெளியில கழட்டிட்டுத்தான் உள்ள போகணும்."

"அப்டின்னா சரி" என்றார்.

அவர் ஆபீசுக்கு வந்த முதல் நாள் எல்லோரும் எழுந்து இடம் விட்டார்கள். ஏதோ விருந்தாளி வந்ததுபோல. லீடர் பெண் அவரை அண்ணா என்றாள், எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி ஓரத்தில் உட்காரவைத்தாள். அவருடைய விரல்கள் தடித்தவை. இரும்புத் துருவல் ஏறி ஏறி நுனியெல்லாம் காய்த்துப்போனவை. ஒரு சாவியைத் தட்டினால் பக்கத்துச் சாவியும் சேர்ந்து அழுந்தியது. அவர் தட்டுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"லேசா அண்ணா. லேசா தொட்டாலே போதும்."

"ம்."

"கீபோர்டு ஒடஞ்சிடப் போகுது அண்ணா."

யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார். காது மடல் மட்டும் சிவந்திருந்தது. நான் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கம் திரும்பக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பினால் நான் கண்காணிக்கிறேன் என்று நினைப்பார். திரும்பாவிட்டால் கைவிட்டுவிட்டேன் என்று நினைப்பார். எது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிட்டார். "மேடம், இத்த கொஞ்சம் பாக்கறீங்களா?" முதல் தடவை எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த நாளும் மேடம் என்றார். அதற்கடுத்த நாளும். அப்போது யாரும் சிரிக்கவில்லை. ரயிலில் நான் லேடீஸ் பெட்டியில் ஏறுவேன், அவர் பொதுப்பெட்டியில். தாம்பரத்தில் இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்குச் சேர்ந்து நடப்போம். வழியில் ஆபீசைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டோம். வீட்டில் மகள் கேட்டால் மட்டும், "நல்லாத்தான் கீது" என்பார்.

முழுத்திரைப் படங்கள் என்பதால் கோப்புகள் வீங்கிப்போயின. பழைய மெஷின்கள். ஒவ்வொரு தடவை சேவ் செய்யும்போதும் மணல்கடிகாரம் வந்து நின்றுகொண்டு போகமாட்டேன் என்றது. ஒரு நாள், சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோரும் வந்து உட்கார்ந்த சமயம், அவருடைய மெஷின் அப்படியே உறைந்து நின்றது. அவர் எதையும் தொடாமல் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். லீடர் பெண் வந்து பார்த்தாள். மெஷினை அணைத்துப் போட்டாள். கோப்பைத் திறந்தாள். திறக்கவில்லை. வேறு மெஷினில் போட்டுப் பார்த்தாள். கட்டம் கட்டமாக ஏதோ குப்பை வந்தது.

"கெட்டுப்போச்சு அண்ணா. சாரி. உங்க தப்பு இல்ல, நீங்க சரியாத்தான் சேவ் பண்ணியிருக்கீங்க. ஃபைல் ரொம்பப் பெரிசாயிடுச்சு."

"அப்ப நேத்திலிருந்து எடுத்ததெல்லாம்?"

"போச்சு."

"எங்க போச்சு?"

"எங்கயும் போகல அண்ணா. இல்ல. அவ்ளோதான்."

அவர் எழுந்தார். நாற்காலியை மேஜைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளினார். யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

நான் உடனே எழுந்து பின்னால் ஓடவில்லை. பிரிண்ட் ஸ்கிரீனை அப்போதுதான் அழுத்தியிருந்தேன். ஒரு படம் உள்ளே நின்றுகொண்டிருந்தது. அதை ஒட்டி, எண் போட்டு, சேவ் செய்து, மணல்கடிகாரம் போகிறவரைக்கும் காத்திருந்துவிட்டுத்தான் எழுந்தேன். லீடர் பெண் என்னைப் பார்த்து, "போங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

குரோம்பேட்டை ஸ்டேஷனில், பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெயில் முழங்காலில் விழுந்துகொண்டிருந்தது. நகராமல் இருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தாம்பரம் வண்டி ஒன்று வந்து நின்று போயிற்று. இரண்டு பேரும் ஏறவில்லை.

"லேத்துல ஒரு பீஸ் கெட்டுப்போச்சுன்னு வையி" என்றார். "கெட்ட பீஸ் கையில கீது. தூக்கிப் பாக்கலாம். எங்க தப்பு பண்ணோம்னு தெரியும். தூக்கிப் போட்டாக்கூட டங்குன்னு ஒரு சத்தம் வரும். இங்க ஒண்ணுமே இல்லியே. நேத்து புல்லா குந்திகினு இருந்தேன், காலையில குந்திகினு இருந்தேன். இல்லன்னு சொல்லுது அந்தப் பொண்ணு."

"எனக்கும் ஆறு மாசம் போச்சு."

"அத்ததான் கேக்கறேன். நீ மட்டும் எப்டி திரும்பிக் குந்தின? ஒரு வார்த்தகூட வூட்ல சொல்லல."

"சொல்லி?"

"கோவமே வர்லியா உனக்கு?"

"கோவப்படத் தெம்பு இல்லங்க" என்றேன். "காலையில எழுந்துக்கறேன், போறேன், வர்றேன். இதுக்கு நடுவுல யோசிச்சேன்னா நாளைக்கு எழுந்துக்க முடியாது. அதான் யோசிக்கறதில்ல."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் எதிர் பிளாட்பாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப கஷ்டமா கீதா?"

லாக்-அவுட் ஆன நாளிலிருந்து அவர் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. நானும் அவரைக் கேட்டதில்லை. அழுகை வரும்போல இருந்தது. வரவில்லை. "கை வலிக்குது" என்று மட்டும் சொன்னேன்.

"எந்தக் கை?"

வலதுகையை நீட்டினேன். அவர் அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டைத் திருப்பி, கட்டைவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். பிளாட்பாரத்தில் காலேஜ் பிள்ளைகள் எங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். வேறு நாளாக இருந்தால் கையை இழுத்துக்கொண்டிருப்பேன்.

"இங்கியா?"

"இன்னும் கொஞ்சம் கீழ."

"இங்க?"

"ஆங்."

அடுத்த வண்டியும் போயிற்று. அதற்கடுத்த வண்டியில் வீட்டுக்குப் போனோம். அவர் நாளைக்கு வருவாரா என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஆபீசில் லீடர் பெண் அவருக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். பத்துப் பதினைந்து பக்கத்தோடு ஒரு கோப்பை முடித்துவிட்டு, அடுத்ததைப் புதிதாக ஆரம்பிப்பது. அதன்பிறகு அவருக்கு எதுவும் கெடவில்லை. வேகமும் வரவில்லை. கடைசிவரை எங்களில் மெதுவாக எடுத்தவர் அவர்தான். ஆனால் என்னை மேடம் என்று கூப்பிடுவது நின்றுவிட்டது. சந்தேகம் வந்தால் "இந்தாம்மா, இங்க வா" என்றார், வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே.

ஐப்பசி மழையில் ஆபீஸ் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றபோதும் போனோம். கார்த்திகையில் வேலை முடிந்தது. எல்லாப் பக்கங்களையும் பிரிண்ட் எடுத்து, அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, கூரியர் வண்டியில் ஏற்றினார்கள். சிடியிலும் போட்டு அனுப்பினார்கள். லீடர் பெண் ஒவ்வொரு மெஷினாகப் போய் தேதியைத் திரும்ப மாற்றினாள். "வாங்கக்கா, எல்லாரும் இந்த வருஷத்துக்கே வந்துட்டோம்" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். கண்ணுக்குக் கீழே கருத்து, அந்தச் சில மாதத்தில் பத்து வயது கூடினவள்போல இருந்தாள். சார் எல்லோருக்கும் ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். அடுத்த வேலை வந்தால் சொல்லியனுப்புகிறேன் என்றார். சொல்லியனுப்பவில்லை.

புது வருடம் பிறந்தது. காலையில் குழாயில் தண்ணீர் வந்தது, கரண்ட் இருந்தது, பால் வந்தது. உலகமே நின்றுபோகும் என்று பேப்பரில் எழுதியிருந்தார்களே, ஒன்றும் ஆகவில்லையே என்று பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டார். "எல்லாம் பணம் புடுங்கறதுக்கு விட்ட பீலா சார்" என்று என் கணவரிடம் சொன்னார். இவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பார்த்த வேலையால்தான் ஒன்றும் ஆகவில்லையா, பார்க்காவிட்டாலும் ஆகியிருக்காதா என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பெட்டிகளை அமெரிக்காவில் யாராவது பிரித்துப் பார்த்தார்களா என்பதும் தெரியாது. கொஞ்ச நாள் அதை நினைத்துக்கொண்டேன். பிறகு விட்டுவிட்டேன்.

அவருடைய தொழிற்சாலை திறக்கவே இல்லை. கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு சின்ன லேத் பட்டறையில் சேர்ந்தார். பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. ஆனால் சாயங்காலம் சட்டையில் எண்ணெய் வாசத்தோடு வந்தார். நான் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில், கல்யாணப் பத்திரிகையும் பயோடேட்டாவும் கம்ப்யூட்டரில் அடித்துக்கொடுக்கிற வேலைக்குப் போனேன். அங்கே நின்றுகொண்டே டைப் அடிக்க வேண்டும். கை வலி குறைந்தது, கால் வலி வந்தது.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் திருநீர்மலைக்குப் போனோம். புது வேலையில் இரண்டு பேருக்கும் ஞாயிறு லீவு. வேண்டுதல் என்று எதுவும் இல்லை. எங்காவது போகலாம் என்று மகள்தான் பிடிவாதம் பிடித்தாள். கீழ்க்கோயிலில் நீர்வண்ணரைச் சேவித்துவிட்டு மலைப்படி ஏற ஆரம்பித்தோம். மகள் முன்னால் ஓடிவிட்டாள். பாதிக்கு மேல் எனக்கு மூச்சு வாங்கியது. வழியில் நிழலாக ஒரு மண்டபம் பார்த்து உட்கார்ந்தேன்.

"நீங்க போங்க. நான் மெதுவா வர்றேன்."

"கொஞ்சம் குந்திட்டே போலாம்" என்று அவரும் உட்கார்ந்தார். காற்று நன்றாக வந்தது. கீழே ஏரியும் வயலும் புதிதாக முளைத்த வீடுகளும் தெரிந்தன. அவர் தூணில் சாய்ந்து கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. எழுப்பலாம் என்று நினைத்தேன். நானும் தூங்கிவிட்டேன்.

மகள் வந்து உலுக்கினாள். கையில் துளசியும் குங்குமமும் வைத்திருந்தாள்.

"ரெண்டு பேரும் ஏன் மேல வரல? நடை சாத்திட்டாங்க. மேல இருக்கிற பெருமாளப் பாக்கவே இல்லையா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அடுத்த வாரம் வரலாம்மா" என்றார்.

அடுத்த வாரம் நாங்கள் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதற்கடுத்ததும் மத்தியானம்வரை தூங்கினோம்.